முதலில் எது உடைய வேண்டும்?

டிரயல்ஸ் மோட்டார் சைக்கிளில் மிகக் குறைவாக வேலை வாங்கப்படும் உறுப்புகளில் ஒன்று கியர் லிவர். வளைந்தும் உடைந்தும் அடிக்கடி கைக்கு வருவதும் அதுதான். சும்மா இருக்கிற உறுப்பு ஏன் இப்படி அடிபடுகிறது என்று தேடப் போனால், அந்த விளையாட்டின் விதிகளில் தொடங்கி உலோகத்தின் அணு அடுக்குகள் வரை போக வேண்டியிருக்கிறது.

டிரயல்ஸில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. பாறை, ஓடை, வழுக்கும் வேர், செங்குத்தான சரிவு என்று கொஞ்சம் இடத்தைக் குறித்து ஒதுக்கிவைப்பார்கள். அதற்கு ‘செக்‌ஷன்’ என்று பெயர். கால் தரையில் படாமல் அதைக் கடந்து வர வேண்டும். ஒருமுறை காலை ஊன்றினால் 1 புள்ளி அபராதம், இருமுறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. வண்டி விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. கடைசியில் யார் கணக்கில் புள்ளி குறைவோ அவருக்கே வெற்றி. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் நகரை மையமாகக் கொண்டு மே மாதத்தில் நடக்கும் ‘ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரயல்’ இந்த விளையாட்டின் மூத்த போட்டிகளில் ஒன்று. அதன் வேர் 1909-க்குப் போகிறது. ஆறு நாளும், நாளொன்றுக்குச் சுமார் 30 செக்‌ஷன்கள். இடையிடையே சதுப்பு நிலமும் மலைப்பாதையும் தார்ச்சாலையும்.

செக்‌ஷனுக்குள் நுழையும் முன்பே ஓட்டுபவர் கியரைத் தேர்ந்துவிடுவார். அந்தச் சில பத்து மீட்டரை முழுக்க ஒரே கியரில், கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் வைத்துத்தான் முடிப்பார். கியர்பெட்டியில் ஐந்தோ ஆறோ கியர் இருக்கும். கீழ்க் கியர்கள் செக்‌ஷனுக்கு. மேலே உள்ளவை அடுத்த செக்‌ஷன் வரை சாலையில் போய்ச் சேர்வதற்கு. ஆக, வண்டி பாறையில் ஏறி இறங்கி உருளும் நேரத்தில் லிவருக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லை என்பதோடு அது முடிவதில்லை; அந்த நேரத்தில் லிவர் அசையவே கூடாது. டிரயல்ஸ் வண்டியில் உட்கார இருக்கையே கிடையாது. நின்றபடி, உடல் எடை முழுவதையும் ஃபுட்ரெஸ்டில் இறக்கி, காலைத் திருகித் திருகி வண்டியைச் சாய்க்க வேண்டும். அப்போது பூட்ஸ் முன்னே வழுக்கும். வழுக்கிய பூட்ஸ் லிவரைத் தொட்டு, பாறையின் பாதி உயரத்தில் கியர் நியூட்ரலுக்குப் போனால் மீதிக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தவிர்க்க வடிவமைப்பாளர்கள் செய்தது எளிய காரியம்: லிவரின் முனையைக் கால்விரலுக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சாலை வண்டியில் குதிகால் ஃபுட்ரெஸ்டில் இருக்கும்போதே விரல் நுனிக்குக் கியர் சிக்கும். டிரயல்ஸ் வண்டியில் காலை எடுத்து முன்னே நீட்டினால்தான் சிக்கும். காலுக்கு இது பாதுகாப்பு. கியர் ஷாஃப்டுக்கு இதுவே ஆபத்து, ஏனென்றால் லிவர் நீண்டால் அதன் முனையில் விழும் அடி அதே விகிதத்தில் பெருகி ஷாஃப்டைப் போய்த் தாக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிவரின் நீளம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர் மாற்றக் கால் கொடுக்கும் விசை சுமார் 5 கிலோ எடைக்குச் சமம், அதாவது 50 நியூட்டன். ஷாஃப்டில் விழும் முறுக்குவிசை 7.5 நியூட்டன் மீட்டர். இது ஒன்றுமேயில்லை. இப்போது 70 கிலோ வண்டி பக்கவாட்டில் சாய்கிறது. அதன் எடைமையம் அரை மீட்டர் கீழே இறங்குகிறது. வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 340 ஜூல். இதில் பெரும்பகுதியை ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்டும் வாங்கிக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு மட்டும், 34 ஜூல், லிவர் முனையில் இறங்குவதாகக் கொள்வோம். லிவர் 2 செ.மீ. வளைந்து கொடுத்து அதை நிறுத்தினால் சராசரி விசை 1,700 நியூட்டன். வளைய மாட்டேன் என்று விறைத்து அரை செ.மீ. மட்டுமே இடம் கொடுத்தால் 6,800 நியூட்டன்.

அடி ஒன்றுதான், லிவரின் குணத்தைப் பொறுத்து விசை நான்கு மடங்கு வேறுபடுகிறது. ‘உடையாத லிவர் வேண்டும்’ என்று கடையில் போய்க் கேட்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஏனென்றால் லிவரின் அடுத்த முனையில் இருப்பது என்ன? இன்ஜினுக்குள்ளிருந்து இரண்டொரு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் எஃகு ஷாஃப்ட். அதன் மேல் நுண்ணிய பல்வரிசை. லிவரின் துளையிலும் அதே பல்வரிசை. பிளவுபட்ட அந்தத் துளையை ஒரு சிறு போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளே, ஒவ்வொரு மிதிக்கும் ஒரே ஒரு கியர் மட்டும் நகரும்படி ஒரு ராட்செட் அமைப்பு. காலால் மிதித்ததும் லிவர் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும் இந்த ஏற்பாட்டை 1920-களின் இறுதியில் வெலோசெட் நிறுவனத்தின் ஹரால்டு வில்லிஸ் கொண்டுவந்தார். அதற்கு முன் பெட்ரோல் டேங்க் ஓரமாக நின்ற கைப்பிடியைப் பிடித்துக் கியர் மாற்றினார்கள். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டு அந்தக் காலத்து வண்டியில் மலையேறியவர்களை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் டேங்க் ஓரத்துக் கைப்பிடி பாறைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கியர் காலுக்கு இறங்கியபோது பாறைக்கும் பக்கமாக இறங்கிவிட்டது.

அந்த ஷாஃப்ட் வளைந்தால் தொல்லை வரிசையாக வரும். முதலில் ஆயில் சீல் ஓரமாகக் கசியும். கியர் மாறும், ஆனால் திரும்பி வராமல் ஒட்டும். பல வண்டிகளில் ஷாஃப்ட் இன்ஜினின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஊடுருவிப் போகிறது. கழற்ற வேண்டுமானால் கிளட்சை அவிழ்த்து எதிர்ப்பக்கமாக உருவ வேண்டும். வளைந்த ஷாஃப்டோ தன் துளை வழியே வராது. வெளியே நீட்டியிருக்கும் பகுதியை ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிட்டுத்தான் மீதியை உருவ முடியும். அடி இன்னும் பலமாக இருந்தால் ஷாஃப்டைத் தாங்கும் கிரேங்க் கேஸின் விளிம்பே பெயர்ந்துவிடும். கேஸ் அலுமினியமோ மெக்னீசியமோ கலந்த வார்ப்பு. அது வளையாது, பிளக்கும். லிவர் கடையில் வாங்கும் சாமான். ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும். கேஸ் என்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

எனவே நல்ல வடிவமைப்பாளரின் கேள்வி லிவரை எப்படி உடையாமல் செய்வது என்பதாக இருக்காது. இந்த வரிசையில் எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும், எது கடைசிவரை நிற்க வேண்டும் என்பதே அவர் கேள்வி. வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் கம்பியின் வேலைதான் லிவருக்கும். தடித்த கம்பியைப் போட்டால் ஃபியூஸ் போகாது, மோட்டார் போகும்.

லிவர் எந்த அளவில் விட்டுக்கொடுக்கும் என்பதைக் கணக்கிடலாம். வெட்டுமுகம் 15 மி.மீ. உயரம், 8 மி.மீ. தடிமன் என்று கொள்வோம். 6061-டி6 என்ற அலுமினியக் கலவை சுமார் 275 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். அப்படியானால் இந்த லிவர் மேல்கீழாக 80 நியூட்டன் மீட்டரைத் தாண்டியதும் மடங்கத் தொடங்கிவிடும். விமான உறுப்புகளுக்குப் பேர்போன 7075-டி6 கலவையில் செய்திருந்தால் எல்லை 500 மெகாபாஸ்கல். 150 நியூட்டன் மீட்டர் வரை விறைப்பாக நிற்கும். அதே 150 நியூட்டன் மீட்டர் 14 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஷாஃப்டை முறுக்கினால் அதன் மேற்பரப்பில் 280 மெகாபாஸ்கல் அளவுக்கு வெட்டுத் தகைவு ஏறுகிறது. நடுத்தர எஃகுக்கு அதுவே எல்லை. நன்றாகக் கெட்டிப்படுத்திய எஃகாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். ஆக 6061 லிவர் ஷாஃப்டுக்கு வெகு முன்பே தலைவணங்குகிறது. 7075 லிவர் ஷாஃப்டோடு சரிக்குச் சரி நிற்கிறது. சி.என்.சி. இயந்திரத்தில் கடைந்து, வண்ணமேற்றி, விளம்பரத்தில் பளபளக்கும் லிவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லாததற்குக் காரணம் இதுவே.

பக்கவாட்டு அடியில் கணக்கு மாறுகிறது. தடிமன் 8 மி.மீ. மட்டும் என்பதால் அந்தத் திசையில் லிவரின் வலிமை ஏறக்குறைய பாதிதான். வண்டி இடப்பக்கம் சாயும்போது பாறை லிவரை உள்நோக்கித் தள்ளுகிறது. லிவர் மடங்கி இன்ஜின் மூடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடையவில்லை, ஆனாலும் அசையாது. மூடியில் உரசி நிற்கும் லிவரால் கியர் மாற்ற முடியாமல் நின்றுபோனவர்கள் உடைந்த லிவரோடு நின்றவர்களை விடக் குறைவாக இருக்க மாட்டார்கள். லிவருக்கும் மூடிக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி வைப்பது இதற்காகத்தான். அதிகம் வைத்தால் லிவர் வெளியே துருத்தி, பாறைக்கு எளிதாகச் சிக்கும்.

முனை மட்டும் மடங்கும் லிவர்களும் உண்டு. கால் படும் அந்தச் சிறு துண்டை ஒரு கீலில் பொருத்தி ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். முன்னாலிருந்து பாறையோ மரக்கட்டையோ இடித்தால் பின்னே மடங்கி, தடை விலகியதும் திரும்பிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் கீல் ஒரு திசையில்தான் மடங்கும். வண்டி பக்கவாட்டில் விழும்போது விசை கீலின் அச்சுக்கு நேராகவே வருகிறது. அப்போது மடங்கும் முனையும் மடங்காத முனையும் ஒன்றுதான். சேறு புகுந்து ஸ்பிரிங் இறுகிவிட்டால் எந்தத் திசையிலும் ஒன்றுதான்.

அலுமினியம் வருவதற்கு முன் எல்லாம் எஃகு. சென்னைக்காரர்களுக்கு நெருக்கமான ஒரு வண்டியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பின்சக்கர ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷனோடு ராயல் என்ஃபீல்டு புல்லட் 1948-ல் வெளியுலகுக்கு முதலில் தலைகாட்டியது இங்கிலாந்தின் கோல்மோர் கப் டிரயலில். 1952-ல் ஜானி பிரிட்டன் 350 சி.சி. புல்லட்டில் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் போட்டியையே வென்றார். மூன்று ஆண்டு கழித்து மதராஸில் புல்லட்டைப் பொருத்தும் வேலை தொடங்கியது. அந்தப் புல்லட்டுக்குக் கியர் வலதுகாலில். அன்றைய பிரிட்டிஷ் வண்டிகளின் வழக்கம் அது. கனமான வண்டி, கனமான லிவர். 1965-ல் சாமி மில்லர் ஸ்பெயினின் புல்டாக்கோவில் ஏறி ஸ்காட்லாந்தில் வென்றதும் காலம் மாறியது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், 100 கிலோவுக்கும் குறைந்த எடை. அதன் பிறகு ஒவ்வொரு கிராமுக்கும் சண்டை. எஃகின் அடர்த்தி 7.85, அலுமினியத்துக்கு 2.7. லிவர் எந்தப் பக்கம் சாயும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

ஆனால் எஃகுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. வளைந்தால் ஒரு கல்லில் வைத்து இன்னொரு கல்லால் தட்டி நிமிர்த்திவிடலாம். மறுபடி வளைந்தால் மறுபடி தட்டலாம். அலுமினியம் இந்த விளையாட்டுக்கு இவ்வளவு தூரம் ஒத்துழைப்பதில்லை.

காரணம் அதன் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. தூய அலுமினியம் மிக மென்மையானது. அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாகச் சறுக்கும். 1906 வாக்கில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்ற உலோகவியலாளர், செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் குளிர்வித்து வைத்தார். சில நாள் கழித்துச் சோதித்தபோது, ஒன்றும் செய்யாமலே அது கெட்டிப்பட்டிருந்தது. ஏன் என்பது பின்னாளில்தான் விளங்கியது. கலந்த தனிமங்கள் மெல்ல மெல்ல ஒன்றுகூடி, கண்ணுக்குத் தெரியாத நுண் துகள்களாகப் படிந்து, அணு அடுக்குகளின் சறுக்கலை ஆங்காங்கே தடுக்கின்றன. 6061-ல் அந்த வேலையைச் செய்வது மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த துகள்கள். ஆலையில் ஏறக்குறைய 530 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 160 முதல் 175 டிகிரியில் பல மணி நேரம் வைத்து அந்தத் துகள்களைச் சரியான அளவில் விளைவிக்கிறார்கள். ‘டி6’ என்ற அடையாளம் இந்தப் பக்குவத்தையே குறிக்கிறது.

வளைந்த லிவரை நிமிர்த்த எரிவாயுச் சுடரைக் காட்டுபவர் இந்தப் பக்குவத்தைக் கலைக்கிறார். எஃகு சூடானால் செம்மையேறி எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாது. 6061 கலவை 580 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெள்ளி நிறத்தில் இருந்தபடியே திடீரென்று தொய்ந்து விழும். பழைய தகடு வேலைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: அலுமினியத்தின்மேல் சோப்பைத் தேய்த்துச் சூடுகாட்டி, சோப்பு கருத்ததும் நிறுத்துவார்கள். லிவரையும் அப்படிச் சூடாக்கி நிமிர்த்தலாம். உடையாமல் நிமிரும். ஆனால் நுண் துகள்கள் பெருத்துச் சிதறிப் போயிருக்கும். மென்மையான லிவர்தான் கையில் மிஞ்சும். வெல்டிங் வைத்தாலும் இதே கதை. பற்றுக்கு இருபுறமும் சூடேறிய பகுதியில் வலிமை பாதியை நெருங்கும் அளவுக்குக் குறைந்துவிடும். அடுத்த முறை உடைவது வெல்டில் இருக்காது, அதற்குப் பக்கத்தில் இருக்கும்.

சூடில்லாமல் நிமிர்த்தினால்? வளைக்கும்போது அணு அடுக்குகள் சறுக்கி, சிக்கல்கள் குவிகின்றன. உலோகம் அந்த இடத்தில் கெட்டியாகிறது. கூடவே, மேலும் நீளும் திறனை இழக்கிறது. 6061-டி6 உடையும் முன் சுமார் 12 சதவீதம் நீளும், மென் எஃகு அதைப்போல் இரண்டு மடங்கு நீளும். ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு நிமிர்த்தலும் அந்தக் கையிருப்பிலிருந்து எடுக்கும் செலவு. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ஒரு திசையில் வளைந்த உலோகம் எதிர்த்திசையில் முன்னைவிடக் குறைந்த விசைக்கே இணங்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகரில் ஜொஹான் பௌஷிங்கர் இதைக் கண்டு சொன்னார். வளைந்த லிவரைத் திருப்பி வளைக்கும்போது ‘பரவாயில்லை, சுலபமாக வருகிறதே’ என்று தோன்றுவதில் இதற்கும் பங்கு உண்டு. சுலபமாக வந்ததால் சேதமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வளைவின் வெளிப்புறத்தில், முன்பு இழுபட்டு இப்போது நசுங்கிய தோலில், மயிரிழை விரிசல்கள் தொடங்கியிருக்கலாம்.

விரிசல் எங்கே தொடங்கும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். துளைக்குப் பக்கத்தில், தடித்த பகுதி சட்டென்று மெலியும் மூலையில். அல்லது போல்ட் இறுக்கும் பிளவின் உள்முனையில். அல்லது பாறை கீறிய ஒரு கோட்டில். கூர்மையான மூலையில் தகைவு பல மடங்கு குவியும் என்பதை 1913-ல் இங்கிலீஷ்காரர் சார்லஸ் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டினார். அந்த மூலையை உருண்டையாக அரத்தால் ராவிவிட்டால் லிவரின் எடை ஒரு கிராம்கூடக் கூடாது, ஆயுள் கூடும்.

உடைந்த துண்டைத் தூக்கி எறியும் முன் அதன் முகத்தைப் பார்ப்பது நல்லது. முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, ஓரம் கிழிந்தாற்போல் இருந்தால் ஒரே அடியில் போனது. குறை சொல்ல ஒன்றுமில்லை, பாறை பெரிது. ஒரு பாதி வழவழப்பாக, கறுத்து, அழுக்கேறி, மீதி மட்டும் புதிதாக மின்னினால், விரிசல் முன்பே இருந்திருக்கிறது. கடைசி அடி வேலையை முடித்துவைத்திருக்கிறது. சில சமயம் அந்த வழவழப்பில் வளைவளைவான கோடுகள் தெரியும், விரிசல் எங்கெங்கே நின்று நின்று முன்னேறியது என்பதன் சுவடு. அது உலோகச் சோர்வு.

இதைப் படிக்கக் கற்றுக்கொண்டதற்கு மனிதர்கள் கொடுத்த விலை பெரிது. 1842 மே 8 அன்று பாரிஸுக்கு அருகே வெர்சாயிலிருந்து திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்தது. பெட்டிகள் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நல்ல இரும்பு அதிர்வினால் உள்ளுக்குள் படிகமாக மாறி முறிகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். உண்மையில் உலோகம் முதலிலிருந்தே படிகங்களால்தான் ஆனது. பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் அடுத்த பத்தாண்டுகளில் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். முறிவைத் தீர்மானிப்பது ஒரே அடியின் உச்சம் மட்டுமல்ல, எத்தனை முறை எந்த அளவுக்கு மாறி மாறி வளைகிறது என்பதும்தான் என்று காட்டினார். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு; அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் ஏறக்குறைய தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஆனாலும் டிரயல்ஸ் லிவரில் நடப்பது பெரும்பாலும் வோலரின் லட்சக்கணக்கான சுற்றுகள் அல்ல. சில முறை பலமாக வளைந்து, சில முறை பலவந்தமாக நிமிர்ந்து போவதே. கியர் மிதிக்கும் 50 நியூட்டன் அந்த லிவரை ஆயுள் முழுவதும் தொல்லை செய்யாது.

லிவர் உடையாமலே கைவிடும் இன்னொரு வழியும் உண்டு. போல்ட் கொஞ்சம் தளர்ந்தால், ஒவ்வொரு மிதியிலும் லிவரின் பற்கள் ஷாஃப்டின் பற்களில் உராயும். மென்மையான அலுமினியப் பற்கள் தேய்ந்து லிவர் வெறுமனே சுற்றும். இங்கும் தேய வேண்டியதுதான் தேய்கிறது: விலை மலிந்த பக்கம். எஃகு லிவரை மாட்டினால் ஷாஃப்டின் பல்லும் சேர்ந்து தேய வாய்ப்புண்டு. 6 மி.மீ. போல்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அதற்கு மேல் இறுக்கினால் பிளவின் உள்முனையில் நாமே விரிசலைத் தொடங்கிவைத்தவர்கள் ஆவோம்.

மலைநடுவே உடைந்துவிட்டால் அனுபவசாலிகள் கிட் பையிலிருந்து எடுப்பது லாக்கிங் பிளையர். மிஞ்சியிருக்கும் அடித்துண்டிலோ, துண்டே இல்லையென்றால் ஷாஃப்டின் பற்களிலோ அதைக் கவ்வ வைத்து, கையால் ஒரு கியரைப் போட்டுவிட்டு மீதித் தூரத்தை அதிலேயே ஓட்டுவார்கள். எந்தக் கியர் என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. முதல் கியரில் சாலையில் ஊர்ந்து நேரம் போகும். மூன்றில் செங்குத்துச் செக்‌ஷனில் கிளட்ச் கருகும். நான் இரண்டாம் கியர் கட்சி. அதனால்தான், லிவர் வளைந்துவிட்டது, நிமிர்த்தினால் உடையலாம் என்று சந்தேகம் வந்ததுமே, முதலில் வண்டியை இரண்டில் போட்டுவிட்டு அப்புறம் கல்லைத் தேடுவது நல்லது.